புயல் 4 மணி நேரம், இருட்டு 4 நாள்: கரண்ட் இல்லாத வீட்டைச் சமாளிப்பது எப்படி?

2016 டிசம்பர் 12, திங்கள்கிழமை. வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்த நாள். மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் காற்று அடித்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. விமான நிலையம் மூடப்பட்டது. இரவுக்குள் காற்று ஓய்ந்துவிட்டது. "அப்பாடா, போயிடுச்சு" என்று கதவைத் திறந்து வெளியே வந்தவர்களுக்கு அதன் பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்கியது.

கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாததால் டேங்கில் தண்ணீர் ஏறவில்லை. செல்போன் டவர்கள் ஒவ்வொன்றாகச் செயலிழந்ததால் சிக்னல் இல்லை. ஏ.டி.எம். வேலை செய்யவில்லை. கார்டு தேய்க்கும் மெஷினும் வேலை செய்யவில்லை. பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என அறிவிக்கப்பட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் காசு இருந்த வீடுகளே குறைவு. பல புறநகர்ப் பகுதிகளில் மின்சாரம் வர நாள் கணக்கில் ஆனது.

புயலைப் பற்றிப் பேசும்போது நாம் காற்றைப் பற்றியே பேசுகிறோம். எங்கே கரையைக் கடக்கும், எத்தனை கிலோமீட்டர் வேகம், லீவு உண்டா இல்லையா என்று கேட்கிறோம். ஆனால் உறுதியான கான்கிரீட் வீட்டில் இருப்பவர்களைக் காற்றைவிட அதிகம் வாட்டுவது, காற்று போன பிறகு வரும் மின்சாரம் இல்லாத நாட்கள்தான். அந்த நாட்களுக்கு எப்படித் தயாராவது, என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கரண்ட் வர ஏன் இத்தனை நாள் ஆகிறது?

"எதிர் தெருவுக்கு வந்துடுச்சு, நமக்கு மட்டும் ஏன் வரல?" புயலுக்குப் பிறகு எல்லா வீட்டிலும் கேட்கும் கேள்வி இது. பதில், மின்சாரம் நம் வீட்டுக்கு வரும் வழியில் இருக்கிறது.

மின் நிலையத்திலிருந்து உயர் அழுத்தக் கோபுரங்கள் வழியாகத் துணை மின் நிலையத்துக்கு மின்சாரம் வருகிறது. அங்கிருந்து 11,000 வோல்ட் கம்பிகளில் நம் பகுதிக்கு வருகிறது. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் அது வீட்டுக்கு ஏற்ற 230 வோல்ட்டாகக் குறைந்து, கம்பம் கம்பமாகக் கடந்து நம் மீட்டருக்கு வருகிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் அதற்குக் கீழே இருக்கும் எல்லோருக்கும் இருட்டுதான்.

சரி செய்வதும் மேலிருந்து கீழேதான் நடக்கும். முதலில் துணை மின் நிலையங்கள், பிறகு 11,000 வோல்ட் பாதைகள், பிறகு டிரான்ஸ்ஃபார்மர்கள், கடைசியாகத் தெருக் கம்பங்களும் தனி வீடுகளும். மருத்துவமனை, குடிநீர் நிலையம் போன்றவற்றுக்கு முன்னுரிமை. ஒரு பாதையைச் சரிசெய்தால் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு வெளிச்சம் வரும். உங்கள் வீட்டுக்கு மட்டும் வரும் ஒயர் அறுந்திருந்தால், வரிசையில் நீங்கள் கடைசி. எதிர் தெரு வேறு டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கலாம். ரகசியம் அவ்வளவுதான்.

இதன் உச்சகட்ட உதாரணம் கஜா. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த அந்தப் புயல், டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. ஒவ்வொரு கம்பத்துக்கும் குழி தோண்டி, நட்டு, கம்பி இழுக்க வேண்டும். பிற மாவட்டங்களிலிருந்தும், கேரளம் போன்ற அண்டை மாநிலத்திலிருந்தும் பணியாளர்கள் வந்து, சேற்றிலும் வயலிலும் கம்பங்களைத் தோளில் சுமந்து வேலை செய்தார்கள். அப்படியும் பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. வாடகை ஜெனரேட்டரை ஊர் ஊராகக் கொண்டுபோய் மேல்நிலைத் தொட்டிகளில் தண்ணீர் ஏற்றினார்கள். போனுக்குச் சார்ஜ் போடக் காசு கொடுத்து வரிசையில் நின்றார்கள்.

நகரத்தின் மையப் பகுதிகளில் கேபிள் பூமிக்கு அடியில் போகிறது. மரம் விழுந்தாலும் அறுந்துபோவது குறைவு. ஆனால் அங்கே வேறு பிரச்சினை. மழைநீர் தேங்கினால் தெருவோர மின் பெட்டிகள் மூழ்கும். அப்போது ஷாக் அடிக்காமல் இருக்க மின்சாரத்தை வேண்டுமென்றே நிறுத்துவார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் நடந்தது இதுதான். வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற இடங்களில் தண்ணீர் வடியும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பால் பாக்கெட்டுக்குக்கூடத் தட்டுப்பாடு வந்தது நினைவிருக்கும்.

ஆகவே ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் குறைந்தது 3 நாட்களுக்குத் தயாராக இருக்க வேண்டும். கடலோர, கிராமப்புற வீடுகள் என்றால் ஒரு வாரம்.

வேகத்தின் எண்களை எப்படிப் படிப்பது?

இந்திய வானிலை ஆய்வு மையத்தின் கணக்குப்படி, காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால் அது 'புயல்'. 89-ஐத் தொட்டால் 'தீவிரப் புயல்'. 118-ஐத் தொட்டால் 'மிகத் தீவிரப் புயல்'.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் காற்று ஒரு சுவரைத் தள்ளும் விசை இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஆடிக்கொண்டு நிற்கும் மரம், 120-ல் வேரோடு சாய்வதற்குக் காரணம் இதுதான். பால்கனி பூந்தொட்டி பறப்பதும் இதனால்தான்.

முந்தைய நாள்: மாலைக்குள் முடிக்க வேண்டியவை

புயல் கரையைக் கடக்கும் முன்பே, பாதுகாப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படலாம். எனவே "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று எதையும் தள்ளிப்போட வேண்டாம்.

தண்ணீர்தான் முதல் வேலை. ஃபிளாட்டில் இருப்பவர்கள் மறந்துபோகும் விஷயம், கரண்ட் போனால் தண்ணீரும் போகும் என்பது. மேல்நிலைத் தொட்டியை நிரப்பச் சொல்லுங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்தால், நான்கு பேர் கொண்ட வீட்டுக்கு 3 நாளைக்கு 48 லிட்டர். அதாவது 20 லிட்டர் கேன் மூன்று. பாத்ரூம் பயன்பாட்டுக்கு வீட்டில் இருக்கும் எல்லா பக்கெட், குடம், அண்டாவையும் நிரப்புங்கள். ஆர்.ஓ. மெஷின் கரண்ட் இல்லாமல் ஓடாது என்பதால், அதிலிருந்தும் முடிந்தவரை பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து சார்ஜ். போன், பவர் பேங்க், லேப்டாப், எமர்ஜென்சி லைட், டார்ச் எல்லாம் நூறு சதவீதம் இருக்கட்டும்.

பணம். யு.பி.ஐ.யை நம்பி நூறு ரூபாய்கூடக் கையில் இல்லாமல் வாழப் பழகிவிட்டோம். சிக்னல் இல்லாத ஊரில் க்யூ.ஆர். கோடு வெறும் ஸ்டிக்கர். சில ஆயிரம் ரூபாயை 50, 100 நோட்டுகளாக எடுத்து வையுங்கள். 500 ரூபாய்க்குச் சில்லறை தரும் நிலையில் பால்காரர் இருக்க மாட்டார்.

பால்கனியில் இருக்கும் பூந்தொட்டி, துணி காயவைக்கும் ஸ்டாண்ட், சைக்கிள், மடக்கு நாற்காலி எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவாருங்கள். மொட்டை மாடியில் கிடக்கும் தகரமும் பிளாஸ்டிக் ஷீட்டும் காற்றில் பறந்தால் அடுத்த வீட்டுக்காரரின் தலைக்கு ஆபத்து. மாடியில் மழைநீர் போகும் குழாய் வாயில் இலை அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். வண்டியை மரத்தடியிலோ பழைய காம்பவுண்டுச் சுவரை ஒட்டியோ நிறுத்த வேண்டாம்.

இண்டக்‌ஷன் அடுப்பில் மட்டும் சமைக்கும் பேச்சிலர்கள் கவனிக்க: உங்கள் சமையலறை கரண்ட்டோடு மூடிவிடும். சமைக்காமல் சாப்பிடக்கூடிய அவல், பிரெட், பழம், கடலை மிட்டாய், பிஸ்கட் வாங்கி வையுங்கள். கேஸ் அடுப்பு இருக்கும் வீட்டில் தீப்பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

காற்று அடிக்கும்போது

கண்ணாடி ஜன்னலிலிருந்து விலகி, வெளிச்சுவர் இல்லாத உள் அறையிலோ ஹாலின் நடுவிலோ இருங்கள். வீடியோ எடுக்க பால்கனிக்குப் போக வேண்டாம். காற்று தொடங்கியதுமே லிஃப்ட்டைப் பயன்படுத்துவதை நிறுத்திவிடுங்கள். நடுவில் கரண்ட் போனால் மீட்க ஆள் வருவதற்கே மணிக்கணக்கில் ஆகலாம்.

ஏ.சி., ஃபிரிட்ஜ், டி.வி., வாஷிங் மெஷின் பிளக்குகளைக் கழற்றிவிடுங்கள். கரண்ட் வந்து வந்து போகும்போது வரும் வோல்டேஜ் ஏற்றஇறக்கத்தில்தான் பெரும்பாலான கருவிகள் வீணாகின்றன.

காற்று திடீரென்று முழுமையாக நின்றால் சந்தேகப்படுங்கள். புயலின் மையப்பகுதியான 'கண்' உங்கள் ஊருக்கு மேலே இருக்கலாம். சில நிமிடங்களில் இருந்து ஒரு மணி நேரம் வரைகூட அமைதி நீடிக்கும். பிறகு எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று அடிக்கும். ஒரு பக்கம் அசைந்து தளர்ந்த மரங்கள் சாய்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது சுற்றில்தான். புயல் கடந்துவிட்டது என்று அதிகாரபூர்வ அறிவிப்பு வரும் வரை வெளியே போக வேண்டாம்.

முதல் இரவு: இன்வெர்ட்டர் எவ்வளவு நேரம் வரும்?

பல வீடுகளில் இருப்பது 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. இரண்டையும் பெருக்கினால் 1,800 வாட்-ஹவர். இழப்பு போக, நடைமுறையில் சுமார் 1,200 கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். பேட்டரி பழசாக இருந்தால் இன்னும் குறையும்.

எப்போதும் போல இரண்டு பழைய ஃபேன் (150 வாட்), இரண்டு டியூப் லைட் (40 வாட்), ஒரு டி.வி. (80 வாட்), ஒரு வைஃபை ரவுட்டர் (10 வாட்) ஓட்டினால் மொத்தம் 280 வாட். நான்கு மணி நேரத்தில் கதை முடிந்தது.

அதே பேட்டரியில் எல்லோரும் ஒரே அறையில் படுத்து, ஒரு ஃபேன் (75 வாட்), ஒரு எல்.இ.டி. பல்பு (9 வாட்) மட்டும் போட்டால் சுமார் 14 மணி நேரம். ஃபேன் குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. வகையாக இருந்தால் (சுமார் 30 வாட்) ஒரு நாளைத் தாண்டியும் ஓடும்.

எனவே கரண்ட் போனதும் முதல் வேலை, இன்வெர்ட்டரில் ஓடும் தேவையில்லாத எல்லாவற்றையும் அணைப்பதுதான். பகலில் ஒன்றையும் ஓட்டாதீர்கள். இரவுத் தூக்கத்துக்கு மிச்சம் வையுங்கள். ஃபேன் இல்லாமல் ஜன்னலைத் திறந்தால் கொசு வரும். கொசுவலை ஒன்று இருந்தால் அந்த இரவுகளில் இன்வெர்ட்டர் அளவுக்கு உதவும்.

போன்: பேசுவதற்கா, ஸ்க்ரோல் பண்ணவா?

டவர்களிலும் பேட்டரியும் டீசல் ஜெனரேட்டரும்தான் இருக்கின்றன. பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். டீசல் கொண்டுவரும் வண்டி மரம் விழுந்த சாலையில் வர வேண்டும். எனவே முதல் சில மணி நேரத்திலேயே அவசியமானவர்களுக்கு "நாங்க நல்லா இருக்கோம். சிக்னல் போகலாம், பதறாதீங்க" என்று ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள். வெளியூரில் இருக்கும் ஒருவரைத் தகவல் மையமாக வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் தனித்தனியாக அழைத்து சார்ஜை வீணாக்க வேண்டியதில்லை.

சிக்னல் பலவீனமாக இருந்தால் அழைப்பைவிட எஸ்.எம்.எஸ். எளிதாகப் போகும். சிக்னலைத் தேடித் தேடியே போன் பேட்டரி தீர்ந்துபோகும். ஏரோபிளேன் மோடில் வைத்து, மணிக்கு ஒருமுறை மட்டும் எடுத்துப் பாருங்கள். வீட்டில் இரண்டு போன் இருந்தால் ஒன்றை அணைத்து வையுங்கள். இணையம் இல்லாமல் சாதாரண சிக்னல் மட்டும் இருந்தால் *99# மூலம் யு.பி.ஐ. பணம் அனுப்ப முடியும். ஆனால் அதற்கான பதிவை முன்கூட்டியே முடித்திருக்க வேண்டும்.

20,000 மில்லி ஆம்பியர்-ஹவர் பவர் பேங்க், 5,000 பேட்டரி உள்ள போனை நான்கு முறை நிரப்பும் என்று கணக்குப் போடுவோம். வழியில் ஏற்படும் இழப்பு காரணமாக நிஜத்தில் கிடைப்பது சுமார் மூன்று முறை. லேப்டாப்பும் ஒரு பவர் பேங்க்தான். அதன் யு.எஸ்.பி.யில் இருந்து போனுக்கு ஏற்றலாம். காரிலும் சார்ஜ் போடலாம். ஆனால் மூடிய பார்க்கிங்கில் இன்ஜினை ஓடவிட்டுச் செய்யாதீர்கள். காரணம் கீழே, ஜெனரேட்டர் பகுதியில்.

ஃபிரிட்ஜும் சமையலும்

ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் உள்ளே சுமார் 4 மணி நேரம் குளிர் நிற்கும். நிறைந்திருக்கும் ஃப்ரீசர், மூடியபடி இருந்தால் 48 மணி நேரம் வரை தாங்கும். பாதி காலியாக இருந்தால் 24 மணி நேரம். "என்ன இருக்குன்னு பாப்போம்" என்று ஒவ்வொரு முறை திறப்பதும் அந்த நேரத்தைக் குறைக்கிறது. முந்தைய நாளே தண்ணீர் பாட்டில்களை ஃப்ரீசரில் உறைய வைத்தால், குளிரும் நீடிக்கும், உருகிய பின் குடிக்கவும் ஆகும்.

எதை முதலில் சாப்பிடுவது? பாலைக் காய்ச்சிவிடுங்கள். இட்லி மாவு சீக்கிரம் புளித்துவிடும். முதல் நாளே இட்லியாகவோ தோசையாகவோ முடித்துவிடுங்கள். மீன், கறி, முட்டைக் குழம்பு அடுத்து. தேங்காய் அரைத்துச் சேர்த்த எதுவும் சில மணி நேரம்தான். மிக்ஸியும் ஓடாது என்பதால் சட்னியை மறந்துவிட்டு இட்லிப் பொடிக்கு மாறுங்கள். தேங்காய் சேர்க்காத புளிக்குழம்பு, புளிக்காய்ச்சல், தொக்கு, ஊறுகாய் எல்லாம் ஃபிரிட்ஜ் வருவதற்கு முந்தைய காலத்துச் சமையல். அவை இந்த நாட்களில் கைகொடுக்கும்.

மிச்சத்தை வைத்துச் சாப்பிடுவதைத் தவிர்க்க, அந்தந்த வேளைக்கு மட்டும் சமையுங்கள். ஃபிரிட்ஜில் குளிர் போய் நீண்ட நேரம் வெளிச்சூட்டில் இருந்த பால், கறி, சமைத்த உணவை முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். நோய் தரும் கிருமிகள் எல்லாம் வாடையைக் கிளப்புவதில்லை. சந்தேகமாக இருந்தால் கொட்டிவிடுங்கள். சாலை அடைபட்டு மருத்துவமனைக்குப் போக முடியாத நாளில் வயிற்றுப்போக்கு மிகப்பெரிய செலவு.

குடிநீரைக் கொப்பளிக்கும் வரை கொதிக்கவைத்து, அதன் பிறகும் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்துக் குடியுங்கள். வெள்ளம் புகுந்த சம்ப்பில் இருக்கும் தண்ணீர் சாக்கடையோடு கலந்திருக்கலாம். அதைச் சுத்தம் செய்து குளோரின் போடும் வரை குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்த வேண்டாம்.

மருந்தும் முதியவர்களும்

வீட்டில் இன்சுலின் போடுபவர் இருந்தால் முதல் கவலை அதுதான். நல்ல செய்தி: பயன்பாட்டில் இருக்கும் பெரும்பாலான இன்சுலின் வகைகள் அதிக வெப்பம் படாமல் இருந்தால் அறை வெப்பநிலையில் சுமார் 4 வாரம் வரை வீரியத்தோடு இருக்கும். சரியான அளவு அட்டைப் பெட்டியிலேயே இருக்கும். இப்போதே படித்துவையுங்கள். ஈர மணலிலோ தண்ணீரிலோ வைத்த மண்பானைக்குள், நனையாதபடி டப்பாவில் மூடி வைக்கலாம். ஐஸ் மீது நேரடியாக வைக்காதீர்கள். உறைந்துபோன இன்சுலின் பயன்படாது.

ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர், மூச்சுக்கான மெஷின், நெபுலைசர் பயன்படுத்துபவர்களுக்கு இன்வெர்ட்டரை நம்பக் கூடாது. மருத்துவரிடம் பேசி மாற்று சிலிண்டர் ஏற்பாடு செய்யுங்கள். அல்லது புயலுக்கு முன்பே மின்வசதி நிச்சயமாக இருக்கும் இடத்துக்கு மாற்றிவிடுங்கள். டயாலிசிஸ் தேதி புயல் நாளில் வந்தால் முன்கூட்டியே செய்ய முடியுமா என்று கேளுங்கள். பிரசவத் தேதி நெருங்கியவர்கள் முதல் நாளே மருத்துவமனைக்கு அருகில் போய்விடுவது நல்லது.

நான்காவது மாடியில் தனியாக இருக்கும் தாத்தா பாட்டிக்கு, லிஃப்ட் இல்லாத நாள் என்பது வீட்டுச் சிறை. குடிநீர் கேனை யார் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள்? மாத்திரை தீர்ந்தால் யார் வாங்கி வருவார்கள்? பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் போனும் கிடைக்காது. உங்கள் பிளாக்கில் அப்படி யார் இருக்கிறார்கள் என்று புயலுக்கு முன்பே ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு இளைஞர் பொறுப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள். காலை ஒருமுறை, மாலை ஒருமுறை கதவைத் தட்டி "தாத்தா, ஏதாவது வேணுமா?" என்று கேட்டால் போதும்.

ஜெனரேட்டர்: வெளிச்சம் தரும், உயிரும் எடுக்கும்

ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. லேசான தலைவலி, மயக்கம், தூக்கம் என்று தொடங்கி, தூக்கத்திலேயே உயிர் போகும். மழைக்கு நனையக் கூடாது என்று ஜெனரேட்டரைப் படிக்கட்டுக்கு அடியிலோ பால்கனியிலோ மூடிய பார்க்கிங்கிலோ வைப்பதுதான் மிகப்பெரிய தவறு. வீட்டிலிருந்தும் ஜன்னல்களிலிருந்தும் குறைந்தது 6 மீட்டர் தள்ளி, திறந்த வெளியில்தான் வைக்க வேண்டும். கரி அடுப்பையும் மூடிய அறைக்குள் கொண்டுவரக் கூடாது. ஓடும் கார் இன்ஜினுக்கும் இதே விதிதான்.

இரண்டாவது ஆபத்து நமக்கு அல்ல, லைன்மேனுக்கு. சிலர் ஜெனரேட்டரிலிருந்து ஒரு ஒயரை எடுத்து வீட்டு பிளக் பாயிண்டில் நேரடியாகச் செருகிவிடுவார்கள். அப்படிச் செய்தால் அந்த மின்சாரம் நம் வீட்டோடு நிற்காது. மீட்டர் வழியாகப் பின்னோக்கித் தெருக் கம்பிக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மர் தலைகீழாக வேலை செய்து அதை 11,000 வோல்ட்டாக ஏற்றிவிடும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியர் அதைத் தொடுவார். நமக்குக் கரண்ட் கொடுக்க வந்தவரை நம் வீட்டு ஜெனரேட்டர் கொல்லும். முறையான சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல், எலெக்ட்ரீஷியன் இல்லாமல், ஜெனரேட்டரை வீட்டு ஒயரிங்கில் இணைக்கவே கூடாது. தேவையான கருவியை ஜெனரேட்டரிலேயே நேரடியாக எக்ஸ்டென்ஷன் ஒயரில் சொருகிக்கொள்ளுங்கள்.

மெழுகுவர்த்தியை விட டார்ச் மேல். மெழுகுவர்த்தி ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அகலமான தட்டில் வைத்து, திரைச்சீலைக்கும் கொசுவலைக்கும் குழந்தைகளுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். தூங்கும் முன் அணைத்துவிடுங்கள். போன் டார்ச்சின் மேல் தண்ணீர் நிறைந்த பாட்டிலை வைத்தால் அறை முழுக்க வெளிச்சம் பரவும்.

மறுநாள் காலை: அறுந்த கம்பி

புயலுக்கு மறுநாள் காலை பால் வாங்கவும், வண்டியைப் பார்க்கவும், சேதத்தைப் படம் எடுக்கவும் எல்லோரும் தெருவுக்கு வருவார்கள். விபத்துகள் நடப்பதும் அப்போதுதான்.

கீழே கிடக்கும் எந்த ஒயரையும் உயிருள்ள மின்கம்பியாகவே நினையுங்கள். அது கேபிள் டி.வி. ஒயராக இருக்கலாம். ஆனால் அது எங்கோ ஒரு இடத்தில் மின்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். 'ஊருக்கே கரண்ட் இல்லையே' என்ற நம்பிக்கையும் வேண்டாம். எந்த நிமிடமும் திரும்ப விடப்படலாம். குறைந்தது 10 மீட்டர் தள்ளி நில்லுங்கள், மற்றவர்களையும் நிறுத்துங்கள். குச்சியால் தள்ளிவிடும் வீரம் வேண்டாம். ஈரக் குச்சி மின்சாரத்தைக் கடத்தும்.

தெரியாமல் அருகில் போய்விட்டால் திரும்பி ஓடாதீர்கள். அறுந்த கம்பியைச் சுற்றியுள்ள தரையிலும் மின்சாரம் பரவியிருக்கும். இரண்டு கால்களும் தள்ளித் தள்ளி இருந்தால் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கும். கால்களை ஒட்டியே வைத்து, தரையிலிருந்து தூக்காமல் சிறுசிறு அடியாக நகர்ந்து வெளியே வாருங்கள். தேங்கிய தண்ணீரில் மின்கம்பமோ மின்பெட்டியோ இருந்தால் அதில் இறங்கவே வேண்டாம்.

வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து பிளக் பாயிண்ட் வரை வந்துவிட்டால், காய்ந்த இடத்தில் நின்று மெயினை அணைக்க முடிந்தால் மட்டும் அணையுங்கள். இல்லாவிட்டால் வெளியே வந்து புகார் கொடுங்கள்.

புகார் கொடுப்பது எப்படி?

முதலில் உங்கள் வீட்டு மெயினும் எம்.சி.பி.யும் கீழே விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டில் கரண்ட் இருந்து உங்களுக்கு மட்டும் இல்லை என்றால் பிரச்சினை உங்கள் இணைப்பில்.

தமிழக மின்வாரியத்தின் 'மின்னகம்' எண் 94987 94987. மின் இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். பழைய மின் கட்டண ரசீதில் அது இருக்கும். "கரண்ட் இல்லை" என்று மட்டும் சொல்லாமல், "இந்தத் தெருவில் மரம் விழுந்து கம்பம் சாய்ந்திருக்கிறது, கம்பி சாலையில் கிடக்கிறது" என்று சொன்னால் ஆள் அனுப்பும்போது தேவையான பொருளோடு அனுப்ப முடியும். தெருவில் ஐம்பது பேரும் தனித்தனியாக அழைத்தால் லைன் கிடைக்காது. ஒருவர் பதிவு செய்து புகார் எண்ணை எல்லோருக்கும் சொல்லட்டும்.

மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077, ஆம்புலன்ஸ் 108, அவசர உதவி 112. இவற்றை ஒரு காகிதத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். போன் அணைந்துவிட்டால் உள்ளே இருக்கும் கான்டாக்ட் லிஸ்ட்டால் பயன் இல்லை.

கரண்ட் வந்தவுடன்

தெருவே "ஓ"வென்று கத்தும். உடனே எல்லா சுவிட்சையும் போட்டுவிடாதீர்கள். ஒரே நேரத்தில் ஊர் முழுக்க ஏ.சி., ஃபிரிட்ஜ், மோட்டார் ஓடினால் புதிதாகச் சரிசெய்த டிரான்ஸ்ஃபார்மர் திரும்பவும் விழும். ஒரு பல்பை மட்டும் போட்டு 10, 15 நிமிடம் பாருங்கள். பல்பு மிகப் பிரகாசமாகவோ மங்கலாகவோ எரிந்தால், அல்லது விட்டுவிட்டு எரிந்தால், நியூட்ரல் ஒயர் அறுந்து வோல்டேஜ் தாறுமாறாக வந்துகொண்டிருக்கலாம். உடனே மெயினை அணைத்துப் புகார் செய்யுங்கள். சீராக இருந்தால் முதலில் தண்ணீர் மோட்டார், பிறகு ஃபிரிட்ஜ், கடைசியாக ஏ.சி. தண்ணீரில் நனைந்த கருவிகளை எலெக்ட்ரீஷியன் பார்க்காமல் போட வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் நமக்குப் புயல் சீசன். 2011-ல் தானே, 2016-ல் வர்தா, 2018-ல் கஜா, 2023-ல் மிக்ஜாம், 2024-ல் ஃபெஞ்சல் என எல்லாமே அந்த மாதங்களில் வந்தவைதான். எச்சரிக்கை வந்த பிறகு கடைக்கு ஓடினால் டார்ச் செல்லும் தண்ணீர் கேனும் தீர்ந்திருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியில் தண்ணீர் இருக்கிறதா, டார்ச் எரிகிறதா, மாத்திரைகள் ஒரு வாரத்துக்கு இருக்கிறதா என்று பாருங்கள். மின் இணைப்பு எண்ணை எழுதி ஒட்டுங்கள். அப்படியே மேல் மாடிக்கு ஏறி, அந்தத் தாத்தா பாட்டியின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, உங்கள் நம்பரையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.